மாமன் ரத்தம்

அத்தியாயம் 17

அன்று விடியும்போதே வேளிமலையைக் காணவில்லை.

மலை இருந்த இடத்தில் வெள்ளையாக என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் கழுத்துக்குக் கீழே அழிந்துபோய், தலைகள் மட்டும் மேகத்தில் மிதந்தன. ஆனிச் சாரல். இரைச்சல் இல்லாத மழை. பக்கத்து அறையில் யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஜன்னலோரக் கட்டிலில் ஜெமி படுத்திருந்தாள். உதடும் தலையணை உறையும் ஒரே நிறத்தில் இருந்தன.

"அம்மா, இன்னைக்கு யாருக்க ரத்தம்?"

"வந்த பிறவு பாப்போம். கண்ண மூடு" என்றாள் ஜிஷா.

"பஸ் டிரைவருக்கது வேண்டாம். போன தடவ ஒறக்கம் முழுக்க வளவு வளவா திரும்பிச்சு. தல சுத்திப் போச்சு."

ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளுடைய இந்தக் கணக்கு அவளுக்குப் பழகிவிட்டது. யாருடைய ரத்தம் ஏறுகிறதோ, முதல் உறக்கத்தில் அவருடைய கனவும் ஏறும் என்பது ஜெமியின் கட்சி. ஒரு மாதம் முட்டத்து வெளிச்சவீட்டு விளக்கு தண்ணீரைத் தடவித் தடவிப் போவதைக் கண்டாள். ரத்தம் கொடுத்தவர் கடலுக்குப் போகிறவர் என்று முடிவு செய்தாள். இன்னொரு மாதம் பரீட்சைக்குப் பிந்திவிட்டதாக அலறிக்கொண்டு எழுந்தாள். அது காலேஜ் அண்ணன். ரத்தம் கொடுத்தவர் யார் என்று ஆஸ்பத்திரியில் ஒருநாளும் சொல்லமாட்டார்கள். அதனால் ஜெமி சொன்னதை மறுக்கவும் ஆளில்லை.

அவளுக்கு எட்டு வயது. தலசீமியா. தனக்கு வேண்டிய ரத்தத்தை அவள் உடம்பு சரிவரச் செய்துகொள்ளாது. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, இந்த மாடிக்கு வந்து படுப்பாள். சிவப்புப் பை ஒன்று தலைமாட்டில் தொங்கும். சாயங்காலத்துக்குள் கன்னத்தில் நிறம் வந்துவிடும். கொஞ்ச நாள் ஓடுவாள், பாடுவாள், தம்பியின் முடியைப் பிடித்து உலுக்குவாள். பிறகு மறுபடி மெல்ல வெளுப்பாள்.

இதே நேரம் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு கார் நகராமல் நின்றது. உள்ளே ஜிஷாவின் அப்பா ராஜையனும் தம்பி ஷிபினும் இருந்தார்கள்.

போன வாரம் ஷிபினோடு கூடவே இருந்த நமக்கு ஒரு விஷயம் தெரியும். அவனுடைய வீட்டுக்கு அது இன்னும் தெரியாது. வளைகுடாவிலிருந்து அவன் லீவில் வரவில்லை. விசா புதுப்பிக்க எடுத்த மெடிக்கலில் அவன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் கிருமி இருந்தது. அன்ஃபிட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கம்பெனி விளிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே சித்திரையும் வைகாசியும் போய்விட்டன.

"மாதுளம்பழம் தின்னியா?" என்றார் ராஜையன்.

"தின்னேன்."

"பீட்ரூட்டு?"

"அதும் தின்னேன், அப்பா."

"பின்ன ஏம்லே மொகம் இப்படி இருக்கு? மாப்பிள்ள அழைப்புக்குப் போறவனாட்டு இரி."

ராஜையனுக்கு மார்த்தாண்டத்தில் இரும்புக் கடை. ஆணி முதல் கம்பி வரை எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு என்பவர். ஜெமிக்கு நோய் கண்ட வருஷமே அவர் ஒரு முறை வகுத்தார். கல்யாணத்தில் மாமன் மாலை எப்படியோ, அப்படித்தான் மாமன் ரத்தமும். ஷிபின் ஊரில் இருந்தால் பிள்ளைக்கு அவன்தான் கொடுக்க வேண்டும். முதல்முறை அவன் கொடுத்தபோது பிள்ளையின் முகத்தில் வந்த நிறத்தை அவர் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்த நாளில் வாடகைக் கார் வரும், மகனுக்கு இஸ்திரி போட்ட சட்டை வரும். போன கிறிஸ்துமஸ் லீவில்கூட ஷிபின் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் கேக் வெட்டினார்கள்.

ஷிபின் கார்க் கண்ணாடியில் ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்குகள் நீண்டு, வளைந்து, கரைந்தன.

அவன் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவது. எப்படியும் சோதிப்பார்கள். கிருமியைக் கண்டால் பையைக் கொட்டிவிடுவார்கள். பிள்ளைக்கு வேறு ரத்தம் ஏறும். அப்பாவுக்குத் தன் முறை நடந்த சந்தோஷம். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு இடத்தை மட்டும் அவன் தொடாமல் தாண்டித் தாண்டிப் போனான். அந்த இடம் போன கிறிஸ்துமஸ்.

*

ரத்த வங்கியில் ஒரு சிறிய அறை உண்டு. கொடுக்க வருகிறவரை முதலில் அங்கேதான் உட்காரவைப்பார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்கள். பேசுகிறவள் பகவதி. நாற்பதை ஒட்டிய வயது, கனத்த கண்ணாடி, சட்டென்று சிரிக்கிற வாய். ஷிபினோடு உள்ளே நுழையப் பார்த்த ராஜையனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணாச்சி வெளிய இரிங்க."

"நான் அவனுக்க அப்பன்."

"அதனாலதான் சொல்லுகேன். வெளிய இரிங்க."

கதவு மூடியது. மழைச் சத்தமும் மூடியது. ஷிபினுக்குத் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"சாப்பிட்டாச்சா? நல்லா ஒறங்கினியா?"

"ம்."

"யாருக்கு குடுக்க வந்திருக்க?"

"ஜெமிக்கு. நான் அவளுக்க மாமன்."

பகவதி கண்ணாடியைக் கழற்றினாள். "அம்மாவுக்க கூடப்பிறந்தவனா?"

"ஆமா."

"அப்பம் வேண்டாம், மக்கா."

அவன் நிமிர்ந்தான்.

"நேத்து சாயங்காலம்தான் அவளுக்க டாக்டர் சொல்லி அனுப்பினாரு. அவளுக்கு எலும்பு மஜ்ஜ மாத்த முடியுமான்னு பாக்கப் போறாங்க. தம்பியுது பொருந்துமா, சொந்தத்துல யாருக்காவது பொருந்துமான்னு பாக்கணும். அதுவரைக்கும் சொந்தக்காரங்க ரத்தம் அவளுக்கு ஆகாது. இப்பம் உங்க குடும்பத்து ரத்தத்த ஏத்தி ஏத்தி அவ ஒடம்புக்குப் பழக்கம் காட்டிட்டா, நாளைக்கு குடும்பத்து மஜ்ஜய வைக்கும்போ அந்த ஒடம்பே அடையாளம் கண்டு வெளிய தள்ளிரும். புரியுதா?"

"புரியுது."

"வருத்தப்படாத. நீ குடுக்காததுதான் இப்பம் அவளுக்கு நல்லது. வெளிய இதையே சொல்லு."

ஷிபினுக்கு உடம்பு எடை இழந்ததுபோல் ஆனது. நோய் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே போய் உண்மையைச் சொன்னால் போதும். அதுவே அவனை முழுக்க மூடிவிடும்.

கதவைத் திறந்ததும் ராஜையன் எழுந்து நின்றார். மகன் சட்டைக் கையைச் சுருட்டாமல் வருவதைப் பார்த்து அவர் முகம் மாறியது. பின்னாலேயே வந்த பகவதி காரியத்தைச் சொன்னாள்.

"அதெப்படி மேடம்? சொந்த ரத்தம் ஆகாது, கண்டவன் ரத்தம் ஆகுமா? எங்க குடும்பத்துல ஒருத்தன் சாராயம் தொடமாட்டான். சுத்தமான ரத்தம்."

"சாராயம் தொடாதவங்கள கொசு கடிக்காதா அண்ணாச்சி?"

"கொசுவ விடுங்க. வெளியாளு யாரு எவன்னு நமக்குத் தெரியாதுல்லா?"

"அவங்களுக்கும் ஜெமிய தெரியாது. அதுதான் நல்லது." பகவதி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவசரமில்லாத குரல். "வாசல்ல அப்பா நிக்காரு, கார் நிக்கி, அக்கா மாடியில காத்திருக்கான்னு இருந்தா, உள்ள இருக்கிறவன் என்ன செய்வான்? காய்ச்சல் வந்ததையும் சொல்லமாட்டான், ஊசி போட்டதையும் சொல்லமாட்டான். பேடி, பயம். குடுக்காம திரும்பிப் போனா என்ன நினப்பாங்களோன்னு பேடி. எப்பவும் சும்மா வந்து குடுத்துட்டுப் போறவனுக்கு அந்தப் பேடி இல்ல. இன்னைக்கு வேண்டாம்னா சாயா குடிச்சிட்டுப் போயிட்டே இருப்பான்."

"டெஸ்டு எதுக்கு இருக்கு?"

"டெஸ்டுக்கும் கண்ணு தெரியாத காலம் ஒண்ணு உண்டு அண்ணாச்சி. கிருமி உள்ள போன உடனே அதுக்குத் தெரியாது. கொஞ்சம் வாரம் ஆகணும். அதுக்கு முந்தி மனுஷன் வாயத் தொறந்து சொன்னாதான் உண்டு."

அவள் பொதுவாகத்தான் சொன்னாள். ஷிபின் தரையின் சிவப்பு ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஓடும் இலேசாக அசைவதுபோல் இருந்தது.

ராஜையன் சமாதானமாகவில்லை. ஆனாலும் மஜ்ஜை என்ற சொல் அவருக்குள் எங்கோ போய் விழுந்திருந்தது. "பிள்ளைக்கு நிரந்தரமா சரியாகுமா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, எடுத்துவந்த மாதுளம்பழங்களைப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். "எனக்க மொவன் குடுக்கத்தான் வந்தான். ஆஸ்பத்திரியிலதான் வேண்டாம்னுட்டாங்க" என்று ஒவ்வொரு பழத்தோடும் சொன்னார்.

*

மாடியில் பை தொங்கத் தொடங்கியிருந்தது. யாரோ ஒருவருடையது.

"நீ இவகிட்ட இரி. நான் ஒரு வாய் சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று ஜிஷா எழுந்துபோனாள். காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்தவள்.

ஷிபின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த வார்டில் ஐந்தாறு பிள்ளைகள். சில பிள்ளைகளுக்குத் தலையில் முடியில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பை, ஒவ்வொரு பைக்கும் ஒரு மெல்லிய குழாய். துளி சேர்வதும், கனப்பதும், விழுவதும் தெரிந்தது. வெளியே மேகம் ஜன்னல் கம்பி வரை வந்து, உள்ளே வரலாமா என்று நின்றது.

"மாமா."

"ஒறங்கலியா?"

"பாதி ஒறக்கம். இது யாருதுன்னு பாத்துட்டிருக்கேன்."

"யாருது?"

"இன்னும் தெரியல்ல. என்னவோ மஞ்சளா நெறய இருக்கு. வயலா, சேலையான்னு தெரியல்ல." அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "இன்னைக்கு உனக்கதுதான் வரும்னு பாட்டா சொன்னாரு."

"எனக்கது வேண்டாமாம்."

"ஐயோ." உண்மையான வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. "எனக்கு உனக்கதுதான் பிடிக்கும்."

"ஏன்? எனக்க கனவு அவ்வளவு நல்லதா?"

"கனவே வரல்ல மாமா. கிறிஸ்துமஸுக்கு நீ குடுத்தல்லா, அன்னைக்கு ஒண்ணுமே வரல்ல. வெறும் ஒறக்கம். கறுப்பா, மெத்துன்னு. ஒருநாளும் நான் அப்படி ஒறங்கினதே இல்ல." அவள் கை போர்வையில் தேடி அவன் விரலைப் பிடித்தது. "மாமன்னா அப்படித்தான் இருக்கும்னு நினச்சேன்."

அவள் உறங்கிவிட்டாள்.

விரலை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவன் தாண்டித் தாண்டிப் போன இடத்தில் அவள் வந்து படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. தன்னைக் காப்பாற்றிய காரணம் வெளியே, பெஞ்சு பெஞ்சாக, மாதுளம்பழத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. இனி யாரும் அவனிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேறு எங்காவது போய் மருந்து தின்று சரியாகிக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு இருந்தால்?

இருந்தால், அது சத்தமில்லாமல் இருக்கும். வருஷக்கணக்கில் அவள் ஈரலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தேடினால்தான் கண்ணில் படும். தேட வேண்டும் என்று தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

*

வார்டுக்கு வெளியே ஒரு நீண்ட வராந்தா. வந்தவர்கள் எல்லாரும் குடைகளை விரித்தபடியே அங்கே காயப்போட்டிருந்தார்கள். கறுப்பு, நீலம், பூப்போட்டது, கம்பி ஒடிந்தது. காற்று வந்தபோது அவை தரையில் மெல்ல உருண்டு, ஒன்றையொன்று தொட்டு, மறுபடி விலகின. ஜிஷா சாயா கப்போடு அவற்றின் நடுவே நின்றாள்.

"பிள்ள ஒறங்கிட்டாளா?"

"ஒறங்கிட்டா. பக்கத்துல நர்ஸ் நிக்கி." ஷிபின் சுவரோரம் நின்றான். "யக்கா, நான் லீவுல வரல்ல."

"அது தெரியும். வேல போச்சு. அப்பாகிட்ட சொல்ல மடி. எனக்குத் தெரியாதுன்னு நினச்சியா?"

"வேல போனதுக்கு ஒரு காரணம் உண்டு."

அவன் சொன்னான். ஒரே மூச்சில் சொல்லவில்லை. குடை உருளும்போது நிறுத்தி, நின்றதும் தொடர்ந்து, துண்டு துண்டாகச் சொன்னான். போன நவம்பரில் அங்கே தொழிலாளர் கேம்பில் கடவாய்ப் பல் வலித்தது. பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் எல்லாருக்கும் பல் பிடுங்குவான். ஒரே குறடு. துடைப்பான், அடுத்தவன் வாயில் வைப்பான். வலி போனால் போதும் என்றிருந்தது. அடுத்த மாதம் லீவு, கிறிஸ்துமஸ், இந்த ஆஸ்பத்திரி.

"அன்னைக்கு கேட்டாங்க. பல்லு எடுத்தியா, பச்ச குத்தினியா, எல்லாம் கேட்டாங்க. வெளிய அப்பா கேக்குக்கு நேரமாச்சுன்னு நின்னாரு. இல்ல இல்லன்னு தலையாட்டிட்டு வந்தேன். பல்லுதானேன்னு இருந்தேன் யக்கா. சத்தியமா பல்லுதானேன்னு இருந்தேன். டெஸ்டுலயும் ஒண்ணும் காணல்ல. சித்திரையில அங்க பாத்தப்ப இருந்திச்சு."

ஜிஷா கப்பைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"மாசியில அவ சோறு வேண்டாம்னா" என்றாள். அவனிடம் சொல்லவில்லை. "வெயிலுக்குன்னு நினச்சேன். வயிறு நோவுதுன்னா. பள்ளிக்கூடம் போக மடியாக்கும்னு ரெண்டு போட்டேன்."

"யக்கா..."

"சும்ம இரி."

மழை கொஞ்சம் வலுத்தது. தூரத்தில் ஏதோ பஸ் ஹாரன், கனவில் கேட்பதுபோல.

"அதனாலதானா எனக்க வீட்டுல உனக்கு மட்டும் தனி கிளாசு? குடிச்ச உடனே நீயே கழுவி வைப்பியே? கல்ஃப்காரனுக்கு பவுசு வந்துட்டுன்னு நான் இவருகிட்ட சொல்லிச் சிரிச்சேன்."

அவன் தலையாட்டினான்.

"கிளாச கழுவத் தெரிஞ்சுது. வாயத் தொறக்கத் தெரியல்ல." அவள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். "இன்னைக்கு உன்ன ஒருத்தரும் கேக்கல்ல. பகவதியக்கா உன்ன நல்ல பேரோட வெளிய விட்டாச்சு. பின்ன எதுக்கு இப்பம் பறஞ்ச?"

"என்ன மாதிரி ஒறக்கம் ஒருத்தரும் தரல்லன்னு பிள்ள சொல்லுகா."

ஜிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கிட்ட வராத. நீ சொன்னது நல்லது. அதுக்காக எல்லாம் சரியாச்சுன்னு நினைக்காத. இப்பம் ஒண்ணும் சரியாகல்ல. நட."

"எங்க?"

"கீழ. பகவதியக்காகிட்ட."

அவள் முன்னால் நடந்தாள். குடைகளை விலக்கவில்லை. அவை அவள் காலில் பட்டுப் பட்டுத் தாமாகவே ஒதுங்கின.

*

பகவதி முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் போனை எடுத்து லேபுக்கு இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு ஜிஷாவின் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைய மறுபடி குத்த வேண்டாம். பொருத்தம் பாக்க காலையில எடுத்த ரத்தம் ஃப்ரிட்ஜுல இருக்கு. இன்னைக்கு ஏறுற ரத்தம் அதுல கலக்கல்ல. அதுலயே பாத்துரலாம். வருஷாந்திர டெஸ்டு அவளுக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தி எடுத்தது. அடுத்தது ஓணம் கழிஞ்சுதான் எடுப்போம். நீங்க சொல்லல்லன்னா அதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்சிருக்காது."

"இருக்குமா அக்கா?"

"தெரியாது, ஜிஷா. இருக்கும்னும் சொல்லமாட்டேன், இருக்காதுன்னும் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழம தெரியும். இருந்தா மருந்து உண்டு. முந்தி மாதிரி இல்ல, இப்பம் மாத்திரையிலயே போற சீக்கு. சின்னப் பிள்ளைகளுக்கும் குடுக்காங்க. சீக்கிரம் தெரிஞ்சா நல்லது." அவள் ஷிபினைப் பார்த்தாள். "உனக்கும்தான். நீயும் டாக்டரப் பாக்கணும். கிளாசுல, தட்டுல எல்லாம் பரவாது. தனியா கழுவிட்டிருக்காத."

ஷிபின் சட்டைக் கையைச் சுருட்டினான். ராஜையன் காலையில் நின்று இஸ்திரி போடவைத்த சட்டை. பகவதி ரப்பர் பட்டையைக் கட்டி ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுத்தாள். இந்த ஆஸ்பத்திரியில் அவன் கையிலிருந்து கொடுப்பதற்காக இல்லாமல் எடுக்கிற முதல் ரத்தம். அது கறுப்பாக, அமைதியாக நிரம்பியது.

"முடிஞ்சுதா?" என்றான்.

"உன்னோடது முடிஞ்சுது. எனக்க சோலி இனிதான்." பகவதி பஞ்சை அழுத்தினாள். "கிறிஸ்துமஸுக்கு நீ குடுத்த ரத்தம் அப்படியே ஜெமிக்குப் போகல்ல. இஞ்ச வந்ததும் பிரிப்போம். சிவப்பணு ஒரு பை, தட்டணு ஒரு பை, பிளாஸ்மா ஒரு பை. ஜெமிக்கு சிவப்புப் பை மட்டும்தான் போச்சு."

"மத்தது?"

"யாருக்கெல்லாம் வேண்டியிருந்துதோ அவங்களுக்கு."

ஷிபின் பஞ்சைப் பிடித்தபடி இருந்தான். மேலே வார்டில் பார்த்த முடியில்லாத தலைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மாமன் ரத்தம், மாமன் ரத்தம் என்று அப்பா சொல்லிச் சொல்லி, அது ஒரே ஒரு பிள்ளையை நோக்கி ஓடுகிற வாய்க்கால் என்றே அவன் நினைத்திருந்தான். அது தெரியாத வயல்களுக்கும் பாய்ந்திருக்கிறது.

"யாருன்னு சொல்லுங்க. நானே போய்..."

"சொல்லமாட்டேன். நீ போகவும் கூடாது. தேடுறதும் விளிக்கிறதும் எங்க வேல." அவள் குரல் தணிந்தது. "ஆனா ஒண்ணு. இப்பம் தேடலாம். ஒரு மணிக்கூறுக்கு முந்தி தேடணும்னே எங்களுக்குத் தெரியாது."

அப்போது ஜிஷாவின் கையில் போன் அதிர்ந்தது.

ஆபேல். அவள் புருஷன். மின்வாரியத்தில் லைன்மேன். ராத்திரிக் காற்றில் எங்கெல்லாமோ கம்பி அறுந்து கிடந்ததால் காலையில் கூட வர முடியாமல் போனவன். அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டாள். மழையும் ஆட்களின் கூச்சலும் அறைக்குள் வந்தன.

"ஏட்டி, பிள்ளைக்கு ரத்தம் ஏறிச்சா?"

"ஏறிட்டிருக்கு."

"ஷிபின் குடுத்தானா? பாவம், அவனுக்கு ஏதாவது வாங்கிக் குடு. அவன் இருக்கப்போய் நமக்கொரு தைரியம், என்ன?"

ஜிஷா போனை ஷிபினுக்கு நேராக நீட்டினாள்.

"அப்பாகிட்ட நான் பறஞ்சுக்கிடுவேன்" என்றாள் மெதுவாக. "இவருகிட்ட நீ பற."

போன் கைமாறியது. பஞ்சு கீழே விழுந்தது. முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது. பகவதி வேறு பஞ்சை எடுத்துக்கொண்டு வந்து அதன்மேல் அழுத்தினாள்.

"அத்தான், ஷிபின் பேசுகேன். நீங்க இப்பம் போஸ்டுக்க மேலயா நிக்கிய, தரையிலயா?"

"தரையிலதாம்லே. கம்பி கட்டியாச்சு, எறங்கிட்டேன். ஏன், என்ன காரியம்?"

"எங்கயாவது ஒரு எடத்துல இரிங்க அத்தான்" என்றான் ஷிபின். "இருந்துட்டு கேளுங்க."